ஊசியை எடுத்த பிறகு

நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு, படுக்கவும் முடியாமல், நாலடி நடக்கவும் முடியாமல் மூச்சுத் திணறும் ஒருவரை டாக்டர் உட்கார வைக்கிறார். முதுகுப் புறத்தில் விலா எலும்புகளுக்கிடையே ஊசியைச் செலுத்தி, லிட்டர் கணக்கில் நீரை வெளியே எடுக்கிறார். வாடிய முகத்தில் தெளிவு பிறக்கிறது. சுற்றத்தார் கைகூப்பி வணங்குகிறார்கள். "காரியம் முடிந்தது" என்று எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். காரியம் முடியவில்லை, பாதியே முடிந்தது என்பதை எடுத்துரைக்கவே இன்று எழுதப் புகுந்தோம்.

கோர்ட்டுகளில் நாம் நாள்தோறும் காண்பது ஒன்றுண்டு. தீர்ப்புக் கிடைத்ததும் கட்சிக்காரர் வழக்கு வென்றுவிட்டதாக எண்ணிப் பூரிக்கிறார். அந்தத் தீர்ப்பை நிறைவேற்றப் புகும்போதன்றோ அவருடைய உண்மையான கஷ்டகாலம் ஆரம்பமாகிறது! நெஞ்சு நீர் எடுத்தலும் அத்தகையதே. ஊசி குத்துவது அரை மணி நேர வேலை. குத்திய பின்னர் காத்திருந்து கவனிப்பது பல மணி நேர வேலை. வீடு சென்ற பின்னர்ச் சில நாள் வேலையும் ஆகும். முதல் வேலைக்குப் புகழ் உண்டு. இரண்டாவது வேலைக்குப் புகழ் இல்லை. ஆயினும் உயிர் நிற்பதும் போவதும் பெரும்பாலும் இரண்டாவதைப் பொறுத்திருக்கின்றது.

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் பாதையிலுள்ள இண்டூரை நேயர்களிற் பலர் அறிவார்கள். ராகியும் சாமையும் விளைவிக்கும் மானாவாரிப் பூமி அவ்வட்டாரம். மழை பொய்த்தால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போகும் ஜனங்கள். இண்டூரிலிருந்து ஒரு குடியானவர் நெஞ்சு நீருக்காக ஜில்லாவின் தலைநகருக்குச் சென்று நீரை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூச்சு எளிதாகிவிட்டது. வீட்டில் மாடு கன்று காத்திருக்கிறது. மறுநாள் கூலி போய்விடும். அந்தி பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்ப வேண்டும் என்பதே அவருடைய நினைப்பு. வார்டிலும் அடுத்த நோயாளிக்குக் கட்டில் வேண்டியிருக்கிறது. ஆகவே இரு தரப்புக்கும் சம்மதமாக அவர் புறப்பட்டுவிடுகிறார். நள்ளிரவில் நெஞ்சு வலித்து மூச்சு முட்டினால் அவர் வீட்டார் யாது செய்வர்? "நீர் எடுத்த இடம் வலிக்கிறது, காலையில் பார்ப்போம்" என்று இருந்துவிடுவார்கள். இருக்கக்கூடாது என்று அவர்களுக்குச் சொன்னவர் யார்?

இந்நோயின் தன்மையை முதலில் அறிதல் நலம். நுரையீரலை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. மார்பின் உட்சுவரை மற்றொரு சவ்வு போர்த்தியிருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று உராயாமல் வழுக்கி அசையும் பொருட்டு இடையே சில தேக்கரண்டி அளவு நீர் இயற்கையாகவே உண்டு. காசநோய், நிமோனியா, புற்றுநோய், இருதயத் தளர்ச்சி, ஈரல் கேடு, சிறுநீரகக் கேடு முதலிய காரணங்களால் அந்நீர் பெருகும்போது ஒரு லிட்டர், இரண்டு லிட்டர், அதற்கு மேலும் சேர்ந்து நுரையீரலை நசுக்குகிறது. நம் நாட்டில், முக்கியமாக இளவயதினரிடத்தில், இதற்குப் பெருங்காரணம் காசநோயே. ஆகையால் நீரை எடுப்பது மூச்சை எளிதாக்குவதற்கு மட்டுமன்று. அந்நீரைச் சோதித்து நோயின் மூலத்தைக் கண்டறிவதற்குமாகும்.

ஊசியை விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டியே செலுத்துவார்கள். ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுவதே அதற்குக் காரணம். இக்காலத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியால் நீர் நிற்கும் இடத்தைக் கண்ணாலே கண்டு குத்துகிறார்கள். இதனால் அபாயம் குறைந்திருக்கிறதேயன்றி அற்றுப் போகவில்லை. பல தேசங்களில் நடந்த 24 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2010-ல் வெளியிட்ட கணக்கின்படி, நீர் எடுத்த நூறு பேரில் சுமார் ஆறு பேருக்கு நெஞ்சினுள் காற்றுப் புகுந்தது. அல்ட்ராசவுண்ட் வைத்துச் செய்த இடங்களில் இது கணிசமாகக் குறைவு. நூற்றுக்கு ஆறு என்பது அஞ்சி ஓடத்தக்க தொகையன்று. அசட்டை செய்யத்தக்க தொகையுமன்று.

வரக்கூடிய அபாயங்கள் எவை? முதலாவது, மேற்சொன்ன காற்று. நுரையீரலில் ஊசி பட்டாலோ, வெளிக்காற்று உட்புகுந்தாலோ நுரையீரல் சுருங்கிப் போகும். திடீரென்று குத்து வலி, மேல்மூச்சு, படபடப்பு உண்டாகும். காற்று உள்ளே சேர்ந்து வெளியேற வழியின்றி அழுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து, நிமிஷங்களில் உயிர் போய்விடும். இரண்டாவது, இரத்தக் கசிவு. வெளியே ஒரு துளியும் தெரியாமல் உள்ளேயே இரத்தம் சேரலாம். நாடி வேகமெடுத்தல், முகம் வெளுத்தல், குளிர்ந்த வியர்வை ஆகியவையே அதன் அறிகுறிகள். மூன்றாவது, நெடுநாள் நசுங்கிக் கிடந்த நுரையீரல் சடுதியில் விரிவதால் அதிலேயே நீர் ஊறிவிடுதல். விடாத இருமலும், நுரைத்த, சில வேளை இளஞ்சிவப்பான சளியும் தோன்றும். பெரும்பாலும் முதல் இரண்டொரு மணி நேரத்தில் வரும்; ஒரு நாள் வரையில் தாமதித்து வருவதும் உண்டு. நான்காவது, ஊசி குத்தும்போதோ அதன் பின்னரோ நாடி தளர்ந்து மயங்கி விழுதல். ஐந்தாவது, சில நாள் கழித்துக் காய்ச்சலும் சீழும் தோன்றுதல். இவையன்றி, தாழ்வாகக் குத்திவிட்டால் ஈரலோ மண்ணீரலோ காயப்படுவதும் உண்டு.

மூன்றாவது அபாயத்தைப் பற்றிய எச்சரிக்கை புதியதன்று. நெஞ்சிலுள்ள சீழோ வயிற்றிலுள்ள நீரோ ஒரேயடியாக வடிந்தால் நோயாளி மாள்வான் என்னும் கருத்து, கிரேக்க வைத்தியர் ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் சூத்திரங்களிலேயே இருக்கின்றது. இக்காலத்து டாக்டர்களும் ஒரே தடவையில் சுமார் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்கலாகாது என்றே பொது விதி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னரே நோயாளி இருமினாலோ, மார்பு இறுகுகிறது என்றாலோ நிறுத்திவிட வேண்டும். "இன்னும் மிச்சமிருக்கிறதே, முழுவதும் எடுத்துவிடுங்கள்" என்று டாக்டரை நெருக்கும் உறவினர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

அவசரத்தின் விலை எவ்வளவு என்பதை 1918-ஆம் வருஷம் உலகிற்குக் காட்டிற்று. முதல் மகா யுத்தத்தின் இறுதியில் அமெரிக்கப் பட்டாள முகாம்களில் விஷக் காய்ச்சலும் நிமோனியாவும் பரவி, எண்ணற்ற சிப்பாய்களின் நெஞ்சில் சீழ்நீர் கோத்தது. ரண வைத்தியர்கள் வழக்கம்போல் மார்பைக் கீறித் திறந்து வடித்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் மாண்டனர். ஈவார்ட்ஸ் கிரஹாம் என்பவர் அங்கம் வகித்த ஒரு கமிஷன் காரணத்தை ஆராய்ந்தது. நோய் முற்றாத முன்னமே மார்பைத் திறந்ததால் காற்றுப் புகுந்து நுரையீரல் குலைந்ததே காரணமென்று கண்டது. காற்றுப் புகாதபடி மூடிய குழாயால் மெல்ல வடித்தல், தக்க காலம் வரையில் பொறுத்திருத்தல், நோயாளிக்கு நல்ல ஆகாரம் கொடுத்தல் என்று முறைகளை மாற்றியதும் சாவு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிற்று. இத்தனைக்கும் புது மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. பென்சிலின் அப்போது பிறக்கவேயில்லை. பொறுமையும் கவனிப்புமே அத்தனை உயிர்களைக் காத்தன.

கவனிப்பு என்று நாம் சொல்வது கட்டிலருகில் சும்மா நிற்பதன்று. அதற்கு ஒழுங்கான முறை உண்டு. ஊசியை எடுத்த பின் முதல் ஒரு மணி நேரம் கால்மணிக்கு ஒருமுறையும், அடுத்த இரண்டொரு மணி நேரம் அரைமணிக்கு ஒருமுறையும் நோயாளியைப் பார்ப்பது பல ஆஸ்பத்திரிகளில் வழக்கம். நாடி, இரத்த அழுத்தம், மூச்சின் எண்ணிக்கை, விரலில் மாட்டும் சிறு கருவி காட்டும் ஆக்ஸிஜன் அளவு ஆகிய நான்கையும் எழுதிவைக்க வேண்டும். குத்திய இடத்தில் கசிவோ வீக்கமோ உண்டா என்று பார்க்க வேண்டும். வலி உண்டா, இருமல் உண்டா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டியதில்லை. பல தடவை குத்த நேர்ந்திருந்தாலோ, ஊசியில் காற்று வந்திருந்தாலோ, மேற்சொன்ன அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலோ உடனே எடுத்துப் பார்த்தல் அவசியம்.

இந்நான்கில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது மூச்சின் எண்ணிக்கை. அதற்குக் கருவி வேண்டியதில்லை. கடிகாரமும் ஒரு நிமிஷப் பொறுமையும் போதும். சுகமாயிருக்கும் பெரியவர் நிமிஷத்திற்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். அஃது 25-க்கு ஏறினால் ஏதோ விபரீதம் நிகழ்கின்றது என்று பொருள். லண்டன் ராஜாங்க வைத்தியர் கல்லூரி 2012-ல் வெளியிட்ட எச்சரிக்கைக் கணக்கு முறையிலும் இந்த எண் அபாயத்தின் உச்ச மதிப்பைப் பெறுகிறது. எண்ணாமலே 18 என்றும் 20 என்றும் எழுதிவிட்டுப் போகும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அது காகிதத்தைக் காப்பாற்றுமேயன்றி மனிதனைக் காப்பாற்றாது.

சிலருக்கு ஒரு தடவை ஊசி போதாது. குழாய் பொருத்தி, அதை நீர் நிரப்பிய சீசாவில் விட்டு, சில நாள் வடிக்க நேரும். இங்கே உறவினரும் அறியவேண்டியவை உண்டு. சீசா எப்போதும் நோயாளியின் மார்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். தூக்கிப் பிடித்தால் வடிந்தது உள்ளே திரும்பும். சாய்க்கலாகாது. மூச்சுக்கு மூச்சு குழாயிலுள்ள நீர்மட்டம் ஏறி இறங்கவேண்டும். அசைவு நின்றால் அடைப்பு நேர்ந்ததா, நுரையீரல் முழுவதும் விரிந்துவிட்டதா என்று பார்க்கும்படி நர்ஸிடம் சொல்லவேண்டும். குமிழி வரும் குழாயை யாரும் தம் இஷ்டத்திற்கு மடக்கவோ கட்டவோ கூடாது; வெளியேற வேண்டிய காற்று உள்ளே அடைபட்டு ஆளையே கொன்றுவிடும். எக்ஸ்ரே அறைக்குத் தள்ளுவண்டியில் போகும்போது, இடைஞ்சலாயிருக்கிறதென்று சீசாவைத் தூக்கி நோயாளியின் மடியில் வைப்பதைப் போன்ற பெருந்தவறு வேறில்லை.

இனி, வீடு திரும்புவோர் விஷயம். நோயாளியைப் போகவிடும்போது அவர் கையில் என்ன கொடுக்கிறோம்? இங்கிலீஷில் எழுதிய ஒரு சீட்டு. இங்கிலீஷ் படித்த வக்கீல்களாகிய நமக்கே அச்சீட்டின் சுருக்கெழுத்துக்கள் விளங்குவதில்லை. இண்டூர்க் குடியானவரின் மனைவிக்கு எங்ஙனம் விளங்கும்? சிகிச்சையின் தன்மை, பயன், அதில் வரக்கூடிய அபாயம் ஆகியவற்றை நோயாளிக்கு எடுத்துரைத்து, அதன் பின்னரே அவர் சம்மதத்தைப் பெறவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2008-ல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. விளங்காத பாஷையில் சொல்லியது சொல்லாததற்குச் சமானம். சிகிச்சைக்கு முன் அறியும் உரிமை உண்டென்றால், சிகிச்சைக்குப் பின் தன் உயிரைத் தான் காத்துக்கொள்ளும் வழியை அறியும் உரிமை இல்லையா?

அச்சீட்டு பெரிய புஸ்தகமாக இருக்க வேண்டியதில்லை. தமிழில் ஐந்தாறு வரி போதும். திடீர் நெஞ்சு வலி, ஏறும் மூச்சுத் திணறல், விடாத இருமல், இரத்தங் கலந்த சளி, மயக்கம், காய்ச்சல், குத்திய இடத்தில் சிவப்போ சீழோ கசிவோ தோன்றினால் காத்திராதீர்கள். நோயாளியை உட்கார்ந்தபடியே வைத்து 108-க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள் என்று எழுதினால் போதும். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் அந்த ஆம்புலன்ஸ் வண்டி நள்ளிரவிலும் வரும். கூப்பிடவேண்டிய வேளை இதுவென்று தெரிந்தாலன்றோ கூப்பிடுவார்கள்!

மற்றோர் அபாயமும் உண்டு. அது மெதுவாக வருவதால் யாரும் அஞ்சுவதில்லை. நீர் இறங்கியதும் மூச்சு எளிதாகிறது, பசி எடுக்கிறது, நோய் தீர்ந்ததென்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். காசநோயால் கோத்த நீருக்கு ஆறு மாதம் தவறாமல் மருந்து உட்கொள்ள வேண்டும். நீரை எடுத்தது விளைவை நீக்கியதேயன்றி வேரை நீக்கவில்லை. மருந்து சர்க்காரிடம் இலவசமாகக் கிடைக்கிறது. சத்துணவுக்கென மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித் தொகையும் 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. இவற்றைப் பெறாமலே பாதியில் நின்றுவிடும் நோயாளி தமக்கு மட்டுமன்றி ஊருக்கே தீங்கு தேடுகிறார்.

கிராமத்துக் குடிசையில் இத்தகைய கவனிப்பு நடவாது என்று சொல்வோருக்கு நம் நாடே பதில் சொல்லியிருக்கிறது. 1956-ல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து ஒரு சோதனை தொடங்கின. காசநோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினரை நெருக்கமான ஏழை வீடுகளிலும் வைத்துச் சிகிச்சை செய்தனர். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய சமமான பலனையே தந்ததென 1959-ல் வெளியான முடிவு உலகம் முழுவதிலும் காசநோய் வைத்தியத்தின் போக்கையே மாற்றிற்று. ஆனால் அங்கே மருந்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. வீடு தேடிச் சென்று பார்த்தார்கள். மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று சோதித்தார்கள். வென்றது வெறும் வீடன்று, கவனிக்கப்பட்ட வீடு.

அப்பாடத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் அடியோடு மறந்துவிடவில்லை. 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டவுடனேயே உடல் எடை, கால் வீக்கம், மூச்சின் எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, துணையின்றி எழுந்து நிற்கும் வலிமை ஆகியவற்றைப் பார்த்து, அபாய நிலையிலுள்ளவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இவ்வளவும் ஆரம்ப சுகாதார நிலையத்து ஊழியர்களே அளந்தறியக்கூடியவை. வீடு தேடி மருத்துவ ஊழியர் செல்லும் திட்டமும் 2021-ல் பக்கத்து ஜில்லாவாகிய கிருஷ்ணகிரியிலேதான் தொடக்கம் பெற்றது. பாதை போட்டாயிற்று. நீர் எடுத்துத் திரும்பிய நோயாளியின் வாசலுக்கு அப்பாதை வந்து சேரவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

எந்த ஆஸ்பத்திரியையும் குறிப்பிட்டுக் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. டாக்டர்களும் நர்ஸுகளும் தம் சக்திக்கு மேற்பட்டே உழைக்கிறார்கள். ஆனால் கால்மணிக்கு ஒருமுறை ஒரு நோயாளியைப் பார்ப்பதற்குக் கை வேண்டாமா? பொது வார்டுகளில் போதனா ஆஸ்பத்திரியாயின் மூன்று நோயாளிகளுக்கும், மற்றவையாயின் ஐந்து நோயாளிகளுக்கும் ஒரு நர்ஸ் வேண்டுமென்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவு. தம் ஊர் ஆஸ்பத்திரி வார்டில் இரவு பத்து மணிக்கு எத்தனை கட்டிலுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நேயர்கள் தாமே சென்று எண்ணிப் பார்க்கலாம். கட்டடத் திறப்பு விழாவிற்கு மாலை போடும் நாம், நர்ஸ் வேலை காலியிடங்களைப் பற்றி என்றேனும் பொதுக்கூட்டம் கூட்டியதுண்டா?

நாம் கேட்பவை நான்கு. நெஞ்சு நீர் எடுக்கப்பட்டவர் எவரும் சில மணி நேரமேனும் ஒழுங்காகக் கவனிக்கப்படாமல் வெளியே அனுப்பப்படலாகாது. தொலை கிராமத்தாரை அன்றிரவு வார்டிலேயே தங்கவைக்க வேண்டும். போகும்போது தமிழ்ச் சீட்டு ஒன்று கையில் கொடுத்து, வாயாலும் விளக்க வேண்டும். அவர் ஊருக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அன்றே தகவல் போக வேண்டும். மறுநாளே ஓர் ஊழியர் வீடு சென்று மூச்சை எண்ண வேண்டும். இவற்றைச் செய்வதற்குப் போதிய நர்ஸுகளை நியமிக்க வேண்டும். இவற்றில் முதல் மூன்றுக்குப் பெரும் பணச் செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டும்.

தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. இண்டூரைச் சேர்ந்த அவ்வட்டாரத்திலேதான் பாப்பாரப்பட்டி இருக்கிறது. அந்நிய ஆட்சியின் சிறையிலிருந்து தொழுநோயோடு வெளிவந்து, ரயிலிலே ஏற்ற மறுக்கப்பட்டு, புண்பட்ட கால்களோடு ஊர் ஊராக நடந்து சுதந்திரத்தைப் பிரசாரம் செய்த சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-ல் அங்கேதான் கண்மூடினார். நோயாளியை ஒதுக்கி இறக்கிவிட்டது அந்நிய ராஜ்யம். அவனைக் கைவிடாமல் காத்து நிற்பதன்றோ சுயராஜ்யம்! உங்கள் தெருவில் நெஞ்சு நீர் எடுத்து ஒருவர் திரும்பியிருக்கிறார் என்று கேள்விப்பட்டால், அன்று மாலை அவர் திண்ணையில் போய் உட்காருங்கள். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அவர் மூச்சை எண்ணுங்கள். மருந்து உட்கொண்டாரா என்று கேளுங்கள். எண்ணிக்கை ஏறியிருந்தால் வண்டியைக் கூப்பிடுங்கள். கொடியேற்றுவதும் கோஷமிடுவதும் தேசபக்தியானால், இதுவும் தேசபக்தியே.